வானம்பாடியா, நெட்டைக்காலியா?

கேள்வி: திறந்த புல்வெளியில், பழுப்பு உடலில் கரிய கோடுகள் கொண்ட, சிட்டுக்குருவியை ஒத்த அளவுள்ள பறவை தரையில் ஓடுவதைக் காண்கிறேன். ஒருவர் வானம்பாடி என்கிறார். மற்றவர் நெட்டைக்காலி என்கிறார். எப்படி உறுதி செய்வது? அதற்கு இடையூறின்றிக் கவனிப்பது எப்படி?

பதில்: நிறத்தை மட்டும் நம்பினால் குழப்பமே மிஞ்சும். காய்ந்த புல்லோடு கலந்து மறைவதற்கேற்ப இரண்டுமே பழுப்பாகவும் கோடிட்டும் இருக்கின்றன. போதாக்குறைக்கு, இறகுகள் தேய்ந்து வெளுக்கும் பருவத்தில் ஒரே இனத்துப் பறவைகள்கூட ஒன்றுபோல் தோன்றுவதில்லை. ஆகவே உடலமைப்பையும் நடத்தையையும் முதலில் பாருங்கள்.

வயல் நெட்டைக்காலி மெலிந்த உடலும் நீண்ட கால்களும் மெல்லிய அலகும் உடையது. சிறிது தூரம் விரைந்தோடிச் சட்டென நின்று, நிமிர்ந்து, வாலை மேலும் கீழும் அசைக்கும். பறந்தெழும்போது வாலின் ஓர இறகுகள் வெள்ளையாகத் தெரியும். வானம்பாடியோ சற்றுப் பருத்த உடலும் தடித்த அலகும் கொண்டது; உச்சியில் சிறு கொண்டையைச் சில வேளைகளில் உயர்த்தும்.

எல்லாவற்றிலும் நம்பகமான அடையாளம், இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை பாடிக்கொண்டே பறக்கும் விதம் என்பது என் கருத்து. வானம்பாடி கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் உயரம்வரை ஏறி, சிறகடித்தபடி அங்கேயே நின்று, இடைவிடாமல் நிமிடக்கணக்கில் பாடும். நெட்டைக்காலி சிறிதளவே எழுந்து, ஒரே குறுகிய ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பியவாறு இறங்கிவிடும். புதரிலிருந்தோ கம்பியிலிருந்தோ கொஞ்சம் எழும்பி, சிறகுகளை உயர்த்திப் பிடித்துக் கால்களைத் தொங்கவிட்டு மிதந்து இறங்கினால், அது புதர் வானம்பாடியாக இருக்கலாம். அதன் சிறகில் செம்பழுப்பு தெரிகிறதா என்று பாருங்கள். குளிர்காலமானால் இன்னொரு சிக்கல்: வலசை வரும் ரிச்சர்டு நெட்டைக்காலியும் ஏறத்தாழ வயல் நெட்டைக்காலியின் தோற்றமுடையது, ஆனால் உருவில் பெரியது.

கவனிப்பதற்கு அதிகாலையே ஏற்றது. வெயில் ஏறினால் கானல் அலையில் பைனாகுலர் வழியே கோடுகள் தெளியா. சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்தால், பறவை தானே நெருங்கி வரக்கூடும். பின்தொடர்ந்து நடக்காதீர்கள், இவற்றின் கூடு தரையில், புற்கொத்தின் அடியில் இருப்பதால் அறியாமலே மிதித்துவிட நேரும். அலகில் இரையுடன் இறங்காமல் சுற்றிச் சுற்றி வந்தாலோ, காயம்பட்டதுபோல் சிறகை இழுத்துக்கொண்டு நகர்ந்தாலோ, கூடு அருகில்தான் இருக்கிறது. வந்த வழியே உடனே பின்வாங்குங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும் தவிருங்கள். எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி, அது இரை தேடுவதையும் விட்டுவிட்டு அலையும்.