ஒக்டோபரில் மஞ்சள் குருவி

வணக்கம். கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் பறவைகளுக்காக ஒரு தீனிக்குழாய் தொங்குகிறது. கோடை முழுவதும் எலுமிச்சை மஞ்சளில் கோல்ட்ஃபின்ச் குருவிகள் வந்தன. அவற்றைப் பார்த்தே, சிவந்த மேப்பிள் கிளையில் மஞ்சள் குருவி அமர்ந்திருக்கும் குறுக்குத் தையல் படமொன்றை வாங்கித் தைக்கத் தொடங்கினேன். இப்போது இலைகள் சிவந்துவிட்டன, மஞ்சள் குருவிகளைக் காணவில்லை. மங்கலான வேறு குருவிகள்தான் வருகின்றன. கூடு கட்டப் பயன்படட்டும் என்று மீந்த நூல்களை வேலியில் தொங்கவிட்டேன். அவற்றையும் எந்தக் குருவியும் தொடவில்லை. ஏன்?
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் குருவிகள் எங்கும் போய்விடவில்லை என்றே நினைக்கிறேன். இப்போது வருகின்ற மங்கலான குருவிகளின் சிறகுகளைக் கவனியுங்கள். கருமை மாறாமல், குறுக்கே வெளிறிய பட்டைகளோடு இருந்தால் அவை கோல்ட்ஃபின்ச்களே. இந்தக் குருவி ஆண்டுக்கு இருமுறை இறகுதிர்க்கும்; குஞ்சுகள் பறந்த பிறகு, செப்ரெம்பர், ஒக்டோபர் மாதங்களில் ஆண் குருவி தன் மஞ்சளைக் களைந்து பழுப்புப் பச்சைக்கு வந்துவிடும். கோடையில் செம்மஞ்சளாக இருந்த அலகும் கருத்துவிடும். மஞ்சள் இறகு மீண்டும் முளைப்பது வசந்தத்தில்தான்.

இதில் என்னை வியக்க வைப்பது வேறொன்று. இலையின் மஞ்சளுக்கும் இந்தக் குருவியின் மஞ்சளுக்கும் காரணமானவை கரோட்டினாய்டு என்ற ஒரே குடும்பத்து நிறமிகள். கோடையிலேயே இலைக்குள் இருக்கும் மஞ்சள், பச்சையம் சிதையும்போது வெளியே தெரிகிறது. குருவியோ, தின்ற உணவிலிருந்து பெற்று இறகில் ஏற்றிய மஞ்சளை ஏறக்குறைய அதே வாரங்களில் உதிர்த்துவிடுகிறது. மரம் மஞ்சளாகும்போது குருவி மஞ்சளை இழக்கிறது. (மேப்பிளின் சிவப்பு தனிக் கதை, அது இலையில் ஒளிந்திருந்ததன்று, இலையுதிர் காலத்தில் புதிதாக உண்டாவது.) ஆகவே உங்கள் படத்தை வரைந்தவர் ஓகஸ்ட் மாதக் குருவியை ஒக்டோபர் மாதக் கிளையில் உட்கார வைத்துவிட்டார். கடைகளில் விற்கும் இலையுதிர் காலப் படங்களில் இத்தகைய பிழை நிறைய. தைப்பவர்கள் கட்டத்தை எண்ணுகிறோமே தவிர ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. நீங்கள் பார்த்ததால் அகப்பட்டது.

நூல்களைத் தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். இங்கே பிந்திக் கூடு கட்டுபவற்றில் ஒன்றான கோல்ட்ஃபின்ச்கூட, முட்செடிகளின் பஞ்சு வெடிக்கும் ஜூலை, ஓகஸ்டிலேயே அந்த வேலையை முடித்துவிடும். ஒக்டோபரில் நூலைத் தேடி வருவதற்கு எந்தக் குருவிக்கும் தேவையில்லை. வசந்தத்திலும் தொங்கவிட வேண்டாம். நீண்ட பருத்தி இழை குஞ்சின் காலில் சுற்றி இறுகிவிடும். அவற்றுக்குக் கொடுக்க விரும்பினால் குழாயில் பேயெள்ளை (நைஜர் விதை) போடுங்கள். இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் விளைந்து, இங்கே முளைத்துவிடாதபடி சூடேற்றப்பட்டு வருகின்ற அந்தச் சிறு விதைக்காக இந்தக் குருவிகள் குளிர்காலத்திலும் வரும்.

இனிப் படம். ஊரில், இலங்கையில், வாக்குச் சீட்டில் இடும் X குறியைப் புள்ளடி என்போம். புள்ளின் அடி, பறவையின் கால். குறுக்குத் தையலின் ஒவ்வொரு தையலும் ஒரு புள்ளடிதான் என்பதால், குருவியைத் தைக்க இதைவிடப் பொருத்தமான தையல் இல்லை என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. அங்குலத்துக்கு 14 கட்டங்கள் உள்ள துணியில் இரண்டங்குலக் குருவியின் நீளம் 28 கட்டங்களே. அதில் சிறகையும் வாலையும் அப்படியே விட்டு, உடலின் மஞ்சளை மட்டும் மாற்றினால் போதும். ஆறு இழை நூலிலிருந்து வெளிர்ப் பழுப்பில் ஓரிழையும் மங்கிய பச்சையில் ஓரிழையும் பிரித்தெடுத்து, இரண்டையும் ஒரே ஊசியில் கோத்துத் தையுங்கள். எந்தத் தனி நூலும் தராத அந்த மங்கல் நிறம் தானாக அமையும். தொண்டையில் மட்டும் சிறிது மஞ்சள் இருக்கட்டும், அது மெய்யாகவே மிஞ்சுவதுண்டு.

ஏற்கெனவே தைத்த மஞ்சளைப் பிரிக்கும்போது துணியின் பின்புறத்தில் வெட்டி, சிறு துண்டுகளாக உருவுங்கள். முன்புறத்தில் இழுத்தால் கட்டங்கள் விரிந்துவிடும். பிரிக்க மனம் வராவிட்டால் குருவியை மஞ்சளாகவே விட்டு, கிளையைப் பச்சையாக்கி ஓகஸ்ட் ஆக்கிவிடலாம். ஆனால் நீங்கள் இலைகளை எவ்வளவு தைத்து முடித்திருக்கிறீர்கள் என்பதை எழுதவில்லையே.