ஆறு வோல்ட் காரா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஐயா 1951-இல் வாங்கிய டாட்ஜ் கிங்ஸ்வே இன்னும் ஓடுகிற நிலையில் வீட்டில் நிற்கிறது. காலையில் செல்ஃப் உடனே எடுக்கிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால், மறுபடி எடுக்கும்போது இழுத்து இழுத்துத் திணறுகிறது. இரவில் ஹெட்லைட் மஞ்சளடித்துக் கிடக்கிறது. பேட்டரி புதிதுதான். "12 வோல்ட்டாக மாற்றிவிட்டால் தொல்லை விட்டது" என்கிறார் எலெக்ட்ரீஷியன். மாற்றலாமா?
- தேவகோட்டை வாசகர்

பதில்: மாற்றலாம். ஆனால் இப்போதே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்கக் கார்கள் 1950-களின் நடுவில்தான் 12 வோல்ட்டுக்குப் போயின. அதுவரை உறைபனியிலும் 6 வோல்ட்டில்தான் கிளம்பின. தேவகோட்டை வெயிலில் உங்கள் டாட்ஜ் திணறுகிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். செல்ஃப் இழுக்கும்போது 200 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். வழியில் 0.005 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் போய்விடும். ஆறில் ஒரு பங்கு! அதே வேலைக்கு 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் போதும்; அதே தடையில் போவது அரை வோல்ட்தான். துருவையும் மெலிந்த கேபிளையும் 12 வோல்ட் பொறுத்துக்கொள்ளும், 6 வோல்ட் பொறுக்காது. ஹெட்லைட்டுக்கு 5 வோல்ட்தான் போய்ச் சேருகிறது என்றால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

முப்பத்தைந்து வருடமாகப் பழைய கார் ஒயரிங்தான் என் வேலை. உங்களுடையதைப் போலவே ஒரு பிளிமத் கார் வந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி முளையின் மேல் (கிளாம்பில் அல்ல, முளையிலேயே), மறுமுனையை செல்ஃப் போல்ட்டின் மேல் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 0.6 வோல்ட். எர்த் பக்கம் (பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கும் பக்கம்), முளைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே 0.8. இரண்டும் சேர்ந்து 1.4 வோல்ட் வழியிலேயே செத்துக்கொண்டிருந்தது. எர்த் பட்டையைக் கழற்றினால், அதன் நுனியில் இருக்கும் லக் என்ற உலோக வளையத்துக்கு அடியில் பெயின்ட். அதன் மேல் பச்சைப் பொடி, விரலில் ஒட்டி வந்தது. கேபிளோ யாரோ பிற்பாடு போட்ட 12 வோல்ட் கார் கேபிள், சுண்டுவிரல் கனம்கூட இல்லை.

இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு 70 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள், தாமிர லக் போட்டு அழுத்தி ஈயம் பற்றவைத்தேன். லக் உட்காரும் இடங்களை வெறும் இரும்பு பளபளக்கும்வரை எமரி பேப்பரால் தேய்த்தேன். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு பட்டை. இரண்டு பக்கமும் சேர்த்து 0.3 வோல்ட்டுக்கு வந்துவிட்டது. சூட்டிலும் ஒரே இழுப்பில் எடுத்தது. ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்தேன். மின்சாரம் பழைய டிம்மர் சுவிட்ச் வழியாகச் சுற்றாமல் நேரே பல்புக்குப் போனது.

இதையெல்லாம் செய்தும் திணறினால் செல்ஃபைக் கழற்றி புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்), பிரஷ் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் கட்டை) பாருங்கள். புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் (செல்ஃபுக்குள் சுற்றும் பகுதி) உரசினால் சூட்டில்தான் காட்டும். இக்னிஷன் டைமிங்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்படியும் 12 வோல்ட்தான் வேண்டும், ஏசி வேண்டும், ஹாலஜன் வேண்டும் என்றால், ஒரு விஷயத்தில் எச்சரிக்கை: உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் வண்டி உடலோடு இணைந்திருக்கிறது. இன்றைய ஆல்டர்னேட்டர் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தது. பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் அதன் டையோடுகள் அந்த நொடியே போய்விடும். எர்த்தை மாற்றும்போது இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும், ஆம்பியர் மீட்டரின் ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். செல்ஃப் பழைய பக்கமே சுற்றும். ஃபீல்டும் (ஆர்மேச்சரைச் சுற்றி நிற்கும் காந்தச் சுருள்) ஆர்மேச்சரும் சேர்ந்தே திரும்பிக்கொள்வதால் அதற்கு பேதம் தெரியாது. 6 வோல்ட் செல்ஃபே 12-க்கும் தாங்கும், ஆனால் ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். பல்பு, காயில், ஃபிளாஷர் எல்லாம் 12-க்கு மாற வேண்டும். பெட்ரோல் கேஜுக்கு வோல்டேஜ் குறைப்பான் கட்டாயம். வால்வு ரேடியோ இருந்தால் அதை 12-இல் கொடுத்துவிடாதீர்கள், மனசு கேட்காது. பாயிண்டும் பிளக்கும் அப்படியே இருக்கட்டும்.

கழற்றிய டைனமோவையும், அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் கட்-அவுட்டையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, பெயர் எழுதி வையுங்கள். உங்கள் பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள்.

கேள்வி: 1965 ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை 12 வோல்ட்டாக்கப் போகிறேன். புது 12 வோல்ட் செல்ஃப் அப்படியே பொருந்துமா?
- கொடைக்கானல் வாசகர்

பதில்: பொருந்தாது. செல்ஃப் பல் கடித்துச் சுற்றும் சக்கரமான ஃபிளைவீலில், 6 வோல்ட் பீட்டிலுக்கு 109 பல், 12 வோல்ட்டில் 130. ஃபிளைவீலின் விட்டமும் வேறு. யாராவது இடையில் இன்ஜின் மாற்றியிருக்கலாம் என்பதால், பழைய செல்ஃபைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே ஒரு பல்லில் சாக்பீஸ் தடவி, புல்லியைக் கையால் சுற்றிக்கொண்டே எண்ணிப் பாருங்கள். 109 வந்தால் உங்கள் பழைய செல்ஃபையே வைத்துக்கொள்ளுங்கள்.