ஆசாரமான யூத வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் கதைப் புத்தகம்?

கேள்வி: நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு நூலகத்தின் சிறுவர் பகுதியில் பணிபுரிகிறேன். ஆசாரமான யூதக் குடும்பத்துத் தாய்மார்கள், "பொதுவான கதையானாலும் சரி, பிள்ளை மனத்தைக் கெடுக்காததாகக் கொடுங்கள்" என்கிறார்கள். எதைக் கொடுப்பது?

பதில்: வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை, ஏறக்குறைய 25 மணி நேரம், யூதர்களின் சபாத் என்னும் ஓய்வுநாள். அப்போது அந்த வீடுகளில் கைப்பேசியோ கணினியோ தொடமாட்டார்கள். கோடையின் நீண்ட சபாத் பிற்பகலில் எட்டு வயதுப் பிள்ளைக்கு அச்சுப் புத்தகம்தான் துணை. ஒன்று போதாது, நான்கைந்தாகக் கொடுத்தனுப்புங்கள்.

எது மனத்தைக் கெடுக்கும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். கெட்ட வார்த்தை, காதல், ஆடைக்குறைவு ஆகியவற்றை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். கிறிஸ்துமஸ் அத்தியாயம், பெற்றோரை எடுத்தெறிந்து பேசும் பிள்ளை, வேதத்தின் படைப்புக் கணக்கோடு ஒவ்வாமல் டைனோசர் புத்தகத்தில் வரும் கோடி ஆண்டுக் கணக்கு ஆகியவைதான் எளிதில் கண்ணுக்குத் தப்பும். ஆசாரமான யூதரில் ஒரு பிரிவான லுபாவிட்ச் ஹசிதியரில் பலர், கோஷர் அல்லாத, அதாவது யூத உணவு விதிப்படி உண்ணத் தகாத, விலங்கின் படம்கூடக் குழந்தையின் கண்ணில் படக் கூடாது என்று கருதுகிறார்கள். பன்றிக்குட்டியை நாயகனாகக் கொண்ட 'சார்லட்ஸ் வெப்' அருமையான கதைதான். ஆனாலும் அந்த வீட்டுக்கு வேண்டாம்.

சிறியவர்களுக்கு 'மேக் வே ஃபார் டக்லிங்ஸ்' (1941) கொடுங்கள். பாஸ்டனில் போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தி, தாய் வாத்தும் குஞ்சுகளும் சாலையைக் கடக்க வழிவிடுகிறார். வாத்து கோஷர் பறவையும்கூட.

சற்றுப் பெரியவர்களுக்கு நான் முதலில் எடுப்பது 'ஆல் ஆஃப் எ கைண்ட் ஃபேமிலி' (1951). யூதக் குடும்பக் கதைதான், ஆனால் எந்த வீட்டுப் பிள்ளையும் ரசிக்கும். 1912 வாக்கில் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் வாழும் ஐந்து சகோதரிகள். முன்னறையைத் தூசி தட்ட அவர்கள் சலித்துக்கொள்வதால், தாய் அங்கங்கே பொத்தான்களை ஒளித்துவைக்கிறாள். அத்தனையும் கிடைக்க வேண்டுமானால் மூலைமுடுக்கெல்லாம் துடைத்தாக வேண்டும்! இதிலும் ஓரமாக ஒரு காதல் இழை ஓடுகிறது. தாயிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

'லிட்டில் ஹவுஸ் இன் தி பிக் வுட்ஸ்' (1932) உழைப்பையும் பெற்றோர் சொல் கேட்பதையும் அழகாகச் சொல்கிறது. ஆனால் அதில் பன்றி அறுப்பும் உண்டு, கிறிஸ்துமஸும் உண்டு. சில தாய்மார்கள் "அது அவர்கள் வழக்கம்" என்று பிள்ளைக்கு விளக்கிப் படிக்கவைப்பார்கள். சிலர் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த முடிவு அவர்களுடையது. கடைசிப் பக்கம் வரை படித்து, எந்த அத்தியாயத்தில் என்ன வருகிறது என்று ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்தோடு தாயின் கையில் கொடுங்கள்.