மதுரையில் போர் தண்ணீர் விட்டால் கீசர் ஏன் சீக்கிரம் கெட்டுப்போகிறது?

நாம் ‘உப்புத் தண்ணி’ என்கிறோம். ஆனால் கீசரைக் கெடுப்பது முக்கியமாகச் சமையல் உப்பு அல்ல. பாறை இடுக்கில் ஊறும்போது கரைந்து வரும் கால்சியமும் மெக்னீசியமும்தான். சுட வைத்ததும் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட், கார்பனேட்டாக மாறி, தண்ணீரைச் சூடேற்றும் காயிலில் (கம்பிச்சுருளில்) வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு சூட்டைத் தண்ணீருக்கு எளிதில் போகவிடாது. காயில் தனக்குள்ளேயே காய்ந்து ஒருநாள் எரிந்துவிடும். அதற்குள் கரண்ட் பில்லும் ஏறியிருக்கும்.

இப்படிக் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருப்பதைத்தான் ‘கடினத்தன்மை’ என்பார்கள். குடிநீரில் அது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரம். வேறு வழியில்லை என்றால் 600 வரை. சோப்பு நுரைக்கவே இல்லையா? பரிசோதித்துப் பாருங்கள்.

படிகாரம் போடுவது வீண், அது கலங்கலைத்தான் தெளியவைக்கும். கெட்டிலில் படிந்ததை நீக்க எலுமிச்சைச் சாறே போதும். கீசருக்கு வருடம் ஒருமுறை ஆள் வைத்துச் சுரண்டுங்கள், சூட்டையும் உச்சத்தில் வைக்காதீர்கள். மாநகராட்சியின் வைகைத் தண்ணீர் வீட்டுக்கு வருகிறதென்றால் கீசருக்கு அதையே திருப்பிவிடுங்கள்.