கேள்வி நேரம்: குட்டை லீவர்

கேள்வி: குட்டி ஃபோர் வீல் டிரைவ் கார் வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். மூன்று மாதம் ஆயிற்றே, திருப்தியா?

திருப்திதான். ஆனால் முதல் வாரம் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அப்போது முதுகுவலி. அடியில் ஏணி மாதிரி இரும்புச் சட்டம் (லேடர் ஃபிரேம்), முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றைத் தண்டாக ஆக்ஸில். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது பக்கம் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி, வேறு குட்டை. வேகத்தடையில் எல்லோரும் தலையாட்டிப் பொம்மைகள்தான். பிறகு டயர் காற்றைப் பார்த்தேன், நான்கிலும் அளவுக்கு மேல்! கதவோர ஸ்டிக்கரில் போட்டிருந்த அளவுக்குக் குறைத்ததும் பாதி வலி போயிற்று.

டிக்கியில், பின் சீட்டை மடிக்காவிட்டால், இரண்டு பைக்கு மேல் கொள்ளாது. பின்னால் உட்கார முன் சீட்டைத் தள்ளிக் குனிந்து நுழைய வேண்டும். அம்மா ஒரே ஒரு முறை நுழைந்தார். அன்று முதல் முன் சீட் அவருடையது.

இதுவரை 3,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போனது நூறு கிலோமீட்டர்கூட இருக்காது. அந்தக் கொஞ்சத்தில் ஒன்று, மழை பெய்து ஊறிய களிமண் ஏற்றம். வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, இரண்டு சக்கரமா நான்கா என்று மாற்றும் குட்டை லீவரை அமுக்கி ஃபோர் எல்லுக்கு (நான்கு சக்கரம், குறைந்த வேகம்) தள்ளினேன். வேகம் கிட்டத்தட்ட பாதியாகும், இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே, எருமை மாதிரி நிதானமாக ஏறியது. என் கால்தான் நடுங்கிக்கொண்டிருந்தது.

கேள்வி: எப்போதும் ஃபோர் ஹெச்சிலேயே (நான்கு சக்கரம், வழக்கமான வேகம்) ஓட்டினால் பிடிமானம் கூடுதலாக இருக்குமே?

வேண்டவே வேண்டாம். நானே செய்து பார்த்த முட்டாள்தனம் அது. காய்ந்த சிமெண்ட் தரையில் ஃபோர் ஹெச்சில் வைத்தபடி வண்டியை முழுக்கத் திருப்பினேன். யாரோ பிரேக்கைப் பிடித்து இழுப்பது போல விக்கி விக்கி நகர்ந்தது. கோளாறு என்று பயந்து மேனுவலைப் புரட்டினால், கோளாறு என்னிடம்!

திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன. அதனால் அவை கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். இந்த வகை வண்டியில், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. ஃபோர் ஹெச்சில், சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தரையில் வழுக்க வழியில்லை, முறுக்கு முழுவதும் கியரிலும் ஷாஃப்டிலும் ஏறும். அப்புறம் லீவரும் வெளியே வர அடம்பிடிக்கும். எனக்கு ரிவர்ஸில் நேராகச் சில அடி எடுத்த பிறகுதான் விட்டது. ஒரு டயர் புதுசு, மூன்று பழசு என்று போட்டாலும், தேயாத டயர் சற்றுப் பெரிது என்பதால், கிட்டத்தட்ட இதே தொல்லைதான். மாற்றினால் நான்கையும் மாற்றுங்கள்.

கேள்வி: இவ்வளவு சின்ன எஞ்சின் காட்டுப் பாதைக்குப் போதுமா?

போதும். சுசுகியின் குட்டி ஃபோர் வீல் டிரைவ் கார் ஜிம்னி. 1970-ல் ஜப்பானில் வந்த முதல் ஜிம்னிக்கு வெறும் 359 சிசி, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். சேற்றில் சிசியைவிட எடைதான் பேசும். கனத்த வண்டி புதையும் இடத்தில் இது மிதித்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: ஈரச் சாலையில் ஃபோர் வீல் டிரைவ் சீக்கிரம் நிற்குமா?

மற்ற காரைவிடச் சீக்கிரம் நிற்காது. பிரேக் எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது.