முதல் பேஸுக்கு இரண்டு எட்டு

அன்புள்ள சார்,

ஜப்பானிய ஆட்டக்காரர் இச்சிரோ சுசுகி 2025-ல், சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அண்ணனுக்கு அதில் உடன்பாடில்லை. 'பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடிக்கத் தெரியாதவர், பந்தைத் தரையில் தட்டிவிட்டு ஓடிப் பிழைத்தவர். ஜப்பானில் அடித்த 1278 ஹிட்டையும் கூட்டி 4367 என்பது நியாயமே இல்லை' என்கிறான். நீங்கள் ஏன் இவரை இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கணக்கு விஷயத்தில் நான் உங்கள் அண்ணன் பக்கம். பந்தை அடித்துவிட்டு, எதிரணி அவுட்டாக்குமுன் முதல் பேஸையாவது, அதாவது ஓடிச் சேர வேண்டிய முதல் இடத்தையாவது, அடைவதுதான் ஹிட். இரண்டு நாட்டு ஹிட்டையும் கூட்டி, அமெரிக்காவில் சாதனையான பீட் ரோஸின் 4256-க்குப் பக்கத்தில் வைப்பது எனக்கும் பிடிக்கவில்லை. கூட்ட வேண்டிய தேவையும் இல்லை. 27 வயதில் சியாட்டில் மரைனர்ஸ் அணிக்குப் போனவர், அமெரிக்காவில் மட்டும் 3089 அடித்திருக்கிறார். அது போதாதா?

ஆனால் 'ஓடிப் பிழைத்தவர்' என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இச்சிரோ வலது கைக்காரர். பந்தை எறிவதும் வலது கையால்தான். மட்டை வீசுவதில் மட்டும் இடது கை ஆட்டக்காரராக அவரைச் சின்ன வயதில் பழக்கியவர் அப்பா நொபுயுகி. பந்தை அடித்தவர் முதல் பேஸுக்கு 90 அடி ஓட வேண்டும். இடது கை ஆட்டக்காரர் நிற்கும் இடம் அதற்கு ஓரிரண்டு எட்டு பக்கம். தரையில் உருளும் பந்தை எடுத்து எறிவதற்குள் ஓடிச் சேர வேண்டிய ஆட்டத்தில், அந்த இரண்டு எட்டு பெரிய சொத்து. அப்புறம் அவர் அடிக்கும் விதம். வலது காலைத் தூக்கி ஊசல் மாதிரி ஆட்டி, உடம்பின் பாரத்தை முன்னே கொண்டுபோய் அடிப்பார். மட்டை பந்தைத் தொடும்போதே ஆள் கிளம்பியிருப்பார். அமெரிக்கா போனபின் காலின் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டார். அந்தக் கிளம்பலை விடவில்லை.

1992-ல் கோபேயின் ஓரிக்ஸ் புளூவேவ் அணியில் ஆடத் தொடங்கியபோது இந்த அடிதான் வினையானது. மேலாளர் ஷோசோ தோயிக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு வருஷத்தின் பெரும்பகுதி இரண்டாம் அணியில் கழிந்தது. பெரியவர்கள் சொல்கிறார்களே என்று அந்தப் பையன் பயந்து மாற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது. 1994-ல் அகிரா ஓகி மேலாளராக வந்தார். அடியை அப்படியே விட்டார், தினமும் ஆட வைத்தார். அந்த ஆண்டு 130 ஆட்டத்தில் 210 ஹிட். ஜப்பானில் ஒரே பருவத்தில் 200-ஐத் தொட்ட முதல் ஆள் அவர்தான். ஓரிக்ஸ் ஆடிய பசிபிக் லீகில், அடிப்பதில் சிறந்த சராசரிக்கான பேட்டிங் பட்டம் அதிலிருந்து தொடர்ந்து 7 ஆண்டு அவருக்கே.

அமெரிக்காவில் 2004 பருவத்தில் 262 ஹிட் அடித்து, ஒரே பருவத்துக்கான சாதனையாக ஜார்ஜ் சிஸ்லர் 1920-ல் வைத்த 257-ஐத் தாண்டினார். அதில் 225 சிங்கிள், அதாவது முதல் பேஸ் வரை மட்டும் கொண்டுபோன ஹிட். சிஸ்லர் 154 ஆட்டத்தில் அடித்ததற்கு இவருக்கு 161 ஆட்டம் ஆனது. அண்ணனிடம் இதை மறைக்காதீர்கள். ஆனால் 1960-களிலிருந்து எல்லோருக்கும் 162 ஆட்டம்தானே? தட்டிவிட்டு ஓடினால் போதும் என்றால், வேறு ஒருவர் முன்பே ஓடியிருக்க வேண்டும்.

இன்னொன்று, அவர் மட்டையோடு மட்டும் வாழ்ந்தவர் இல்லை. 2001 ஏப்ரல் 11, ஓக்லண்ட். மூன்றாம் பேஸை நோக்கி ஓடிய டெரன்ஸ் லாங்கை, மைதானத்தின் வலப்பக்கக் கோடியான ரைட் ஃபீல்டிலிருந்து ஒரே எறியில் அவுட்டாக்கினார். பந்து தாழ்வாக, நேர்கோட்டில் போய் மூன்றாம் பேஸில் இருந்தவரின் கையுறைக்குள் விழுகிறது. வீடியோ இணையத்தில் இருக்கிறது. அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.