கிளிக் செய்யும் மகனுக்கு வேலை கிடைக்குமா? கொக்குவில் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா,

மகன் கிளிநொச்சியில் பொறியியல் பீடத்தில் மூன்றாம் வருடம். விடுமுறையில் வீட்டுக்கு வந்தாலும் லப்டொப்பில் ஒரு சிப்பின் படத்தைத் திறந்துவைத்து, அதன் கால்களை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்துகொண்டிருக்கிறார். கனடாவில் இருக்கும் உங்கள் தம்பி வீடியோ கோலில் அதைப் பார்த்துவிட்டு, "கோட் எல்லாம் கம்ப்யூட்டரே எழுதித் தருகுது, இதைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது? சொஃப்ட்வேர் பக்கம் மாறச் சொல்லுங்கோ அக்கா" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து உங்களுக்கு நித்திரை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

மாற வேண்டாம். ஆனால் தம்பி சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மகன் பாவிப்பது எஸ்டிஎம்32 கியூப்எம்எக்ஸ் என்ற இலவச மென்பொருள். ஒரு மைக்ரோகன்ட்ரோலருக்குள், அதாவது கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சிப்புக்குள், ரெஜிஸ்டர்கள் என்ற சிறு நினைவிடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எந்தக் கால் வெளியீடு, எந்த டைமர் எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் அவற்றில் எழுதும் எண்கள்தான் தீர்மானிக்கின்றன. எஃப்401 என்ற சிறிய சிப்புக்கே அந்த விவரக் கையேடு 800 பக்கத்தைத் தாண்டும். கியூப்எம்எக்ஸ் இவற்றைப் படமாகக் காட்டி, நாம் தெரிவு செய்வதைச் சி மொழிக் கோடாக மாற்றித் தருகிறது. மைக்ரோசிப், என்எக்ஸ்பி, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் எல்லாமே தங்கள் சிப்புகளுக்கு இப்படி ஒன்றைக் கொடுக்கின்றன. தொழிலில் இருப்பவர்களும் இதைத்தான் பாவிக்கிறார்கள். ஆகவே மகன் பழகுவது விளையாட்டு இல்லை.

நியாயமான பாதி எது என்றால், கிளிக் மட்டும் தெரிந்த பிள்ளை, சிப் பொருத்திய போர்டு பேசாமல் நின்றதும் தானும் நின்றுவிடும். நேர்முகத்தில் கேட்பதும் அந்த இடத்தைத்தான். இனி வருவதை மகனிடம் கொடுங்கள்.

தம்பி, உம்மிடம் இருக்கும் நியூக்ளியோ எஃப்401 போர்டில் பச்சை எல்ஈடி பிஏ5 காலில் இருக்கிறது. கியூப்எம்எக்ஸில் அதை வெளியீடாக்கி எரிய விட்டிருப்பீர். சரி, இப்போது வெறுமையான ஒரு புரொஜெக்ட் எடும். எச்ஏஎல் என்ற ஆயத்தக் கோட் நூலகம் வேண்டாம். அதே எல்ஈடியை மூன்று வரியில் எரிய விடும்: கடிகாரங்களைக் கட்டுப்படுத்தும் ஆர்சிசியில் ஏ போர்ட்டுக்கு (பிஏ கால்களின் தொகுதிக்கு) கடிகாரத்தைத் திறக்கும் பூச்சியமாவது பிட், காலின் வகையைத் தீர்மானிக்கும் மோடர் (MODER) ரெஜிஸ்டரில் 10ஆம் 11ஆம் பிட்டுகளுக்கு 01, வெளியீட்டு ரெஜிஸ்டரான ஓடிஆரில் 5ஆவது பிட்டுக்கு 1. ஏ போர்ட்டின் தொடக்க முகவரி பதினறும எண்ணில் 40020000. அந்த முகவரியைக் கையேட்டில் நீரே தேடிக் கண்டுபிடியும்.

எரிந்ததா? அப்புறம் முதல் வரியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாரும். எல்ஈடி எரியாது. கம்பைலர் பிழை சொல்லாது, சிப்பும் ஒன்றும் சொல்லாது. கடிகாரம் போகாத பகுதியில் நாம் எழுதுவது பதியாது, அவ்வளவுதான். கியூப்எம்எக்ஸ் இந்த வரியைக் கேட்காமலே போட்டுவிடுவதால், அப்படி ஒன்று இருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது.

டைமரிலும் இதே கதை. 84 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு விநாடிக்கு ஒரு தடவை இன்டரப்ட் (ஓடும் கோடை இடைமறிக்கும் சைகை) வேண்டுமென்றால் 8400ஆல் பிரித்து 10000 வரை எண்ண வேண்டும். ஆனால் கியூப்எம்எக்ஸின் பெட்டிகளில் போட வேண்டியது 8399உம் 9999உம், ஏனென்றால் சிப் பூச்சியத்திலிருந்து எண்ணுகிறது. 8400, 10000 என்றே போட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் உமது மணிக்கூடு ஒரு நாளில் ஏறக்குறைய 19 விநாடி பிந்தும். ஒன்றைக் குறைக்க மறந்தீர் என்று அந்தப் பெட்டி எச்சரிக்காது.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது நேர்முகத்துக்கு மிகவும் உதவும். சில ரெஜிஸ்டர்களில் 1 எழுதினால் அந்தப் பிட் அழியும். உமது சிப்பில் வெளி இன்டரப்ட்டுகளில் எவை காத்திருக்கின்றன என்று காட்டும் பென்டிங் ரெஜிஸ்டர் அந்த வகை. அதிலே வழக்கம்போல வாசித்து, வேண்டிய பிட்டை ஓர் (OR) கட்டளையால் சேர்த்து, திருப்பி எழுதினால் என்ன நடக்கும்? ஏற்கனவே 1 ஆக இருந்த மற்றப் பிட்டுகளுக்கும் 1 திரும்பப் போகும், எல்லாம் சேர்ந்து அழியும். காத்திருந்த இன்டரப்ட்டுகள் சத்தமில்லாமல் காணாமற்போகும். அங்கே ஓர் (OR) கூடாது, தேவையான பிட்டை மட்டும் நேரடியாக எழுத வேண்டும். இதைத் தயங்காமல் விளக்கும் பிள்ளை கையேட்டைத் திறந்து படித்த பிள்ளை என்று கேட்பவருக்கு உடனே விளங்கிவிடும்.

கியூப்எம்எக்ஸ் தந்த கோடுக்குள் "யூசர் கோட் பிகின்", "எண்ட்" என்ற குறிப்புகளுக்கு நடுவிலே மட்டும் எழுதும். வெளியே எழுதினால் அடுத்த தடவை ஜெனரேட் செய்யும்போது போய்விடும்.

சிப் வடிவமைப்பில் ஆசை இருந்தால், உள்ளே இருக்கும் சுற்றை நாமே அமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப்புகள் பக்கமும் எட்டிப் பாரும். அதற்கான விவாடோ மென்பொருளில், புரொசசரோடு பேசும் ஏஎக்ஸ்ஐ லைட் இணைப்புடன் புதிய பகுதி ஒன்றை உருவாக்கினால், இயல்பாக 32 பிட் ரெஜிஸ்டர்கள் நான்கைத் தரும். முகவரிகள் 0, 4, 8, 12 என்று போகும். எது வாசிக்க மட்டும், எது எழுதினால் அழியும் என்பதை அங்கே நீரே தீர்மானிக்க வேண்டும். ரெஜிஸ்டர்கள் ஆயிரக்கணக்கில் உள்ள பெரிய சிப்புகளுக்கு சிஸ்டம்ஆர்டிஎல், ஐபி எக்ஸாக்ட் போன்ற வடிவங்களில் ஒரே விவரணை எழுதி, சுற்றையும் சி தலைப்புக் கோப்பையும் ஆவணத்தையும் அதிலிருந்தே பிறப்பிக்கிறார்கள். அப்படிப் பிறப்பிக்கும் பீக்ஆர்டிஎல் கருவி இலவசம், உமது புரொஜெக்டுக்கே பாவிக்கலாம்.

அம்மா, மறுபடி உங்களிடம். இந்தத் துறையில் வேலை பெரும்பாலும் கொழும்புப் பக்கம்தான். யாழ்ப்பாண நகரில் கூடுதலாக இருப்பவை சொஃப்ட்வேர் கொம்பனிகள். எனவே முதல் வேலைக்கு வீட்டை விட்டுப் போக வேண்டி வரலாம், அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்யுங்கள். கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் மொழிமூலத்தில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் சில மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஏ.எல். பௌதிகவியலில் தர்க்கப் படலைகள் படித்த பிள்ளை, அத்திவாரம் அவரிடம் இருக்கிறது. ஏஐ கோட் எழுதித் தருகிறதே என்று உங்கள் தம்பி அடுத்துக் கேட்பார். அது எழுதியதில் எந்தப் பிட் பிழை என்று கையேட்டோடு ஒப்பிட்டுச் சொல்ல இவரைப் போல ஒருவர் வேண்டும் என்று சொல்லுங்கள்.

புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, இருக்கும் போர்டு போதும். கைத்தொழில் பயிற்சிக்கு விண்ணப்பிக்க முன்னர், மேலே சொன்ன எல்ஈடியையும் டைமரையும் கியூப்எம்எக்ஸில் ஒரு தடவை, வெறும் ரெஜிஸ்டரில் ஒரு தடவை செய்து கிட்ஹப்பில் போடச் சொல்லுங்கள். எந்த ரெஜிஸ்டர், எந்தப் பிட், ஏன் என்று ஒரு பக்கம் அவர் சொந்த வார்த்தையில் எழுதிச் சேர்க்கட்டும். அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பினால், பயிற்சி விண்ணப்பத்தில் எதை முன்னுக்கு வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.